ஹெரால்டுக்கு அடியில கொஞ்சம் படுங்க பாஸ்!

மூக்கு நீளமா, பின்னாடி ரெண்டு பக்கமும் லேசா வால் தூக்கிக்கிட்டு, ரெண்டு கலர்ல பெயின்ட் அடிச்ச ஒரு குட்டி கார். பழைய டாக்டர் வீட்டு போர்டிகோவில், கல்யாண மண்டப வாசலில், இல்லாட்டி புளியமரத்தடியில் நாலு டயரும் இறங்கிப்போய்... எங்கேயாவது பார்த்திருப்பீங்க. பேரு தெரியலைன்னா அப்பாகிட்ட கேளுங்க. "அட, ஸ்டாண்டர்டு ஹெரால்டுடா!"ன்னு அவர் முகம் மலர்ந்தா, அடுத்த அரை மணி நேரம் நீங்க ஃப்ரீ இல்ல!

அம்பாசடர் கல்கத்தாக்காரர், ஃபியட் பம்பாய்க்காரர்னா, ஹெரால்டு நம்ம மெட்ராஸ்காரர். பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா கம்பெனி 1961-லிருந்து தயாரிச்ச வண்டி. 948 சிசி இன்ஜின். இந்தக் காலத்து பைக் சிலதுகூட அதைவிடப் பெருசு. அப்புறம் எதுக்கு இதுக்கு இவ்வளவு பில்டப்புன்னு கேட்கறீங்களா? சோழவரத்துல பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்தில், ட்யூன் பண்ணின ஹெரால்டுகளும் அங்கே சீறியிருக்கு. இன்னொரு ரகசியமும் உண்டு. இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் கம்பெனி 1962-ல் ஸ்பிட்ஃபயர்னு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் விட்டாங்க. ரெண்டே சீட்டு, திறந்த கூரை, பார்த்தாலே சொக்கிப்போற வண்டி. அந்த ஸ்பிட்ஃபயரோட சேஸிஸ், நம்ம ஹெரால்டோட சேஸிஸை நீளம் குறைச்சு உருவாக்கினது. ரெண்டு வண்டிக்கும் உருவம் கொடுத்தவரும் ஒரே ஆள்தான், இத்தாலிக்காரர் ஜியோவன்னி மிக்கெலோட்டி. ஆக, ஸ்பிட்ஃபயர் வாங்க வசதி இல்லாதவங்களுக்கு ஹெரால்டு ஒரு சித்தப்பா பையன் மாதிரி.

மெக்கானிக்கல் படிக்கிற பசங்க ரெண்டு பேர் சேர்ந்தா இப்பல்லாம் இந்தப் பேச்சுதான். "மச்சி, ஒரு பழைய ஹெரால்டு பிடிச்சு ரெஸ்டோர் பண்ணிடலாம்டா!" நல்ல கனவுதான், கண்டிப்பா பண்ணுங்க. ஆனா பணத்தை எண்ணிக் கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் வண்டிக்கு அடியில படுத்துப் பார்த்துட்டு வாங்க. இந்த வண்டியில மேல பளபளக்கிறது வெறும் சட்டைதான். உயிர் கீழே இருக்கு.

சட்டை வேற, எலும்பு வேற

இன்னிக்கு ரோட்டுல ஓடற மாருதி, ஹூண்டாய் கார்ல எல்லாம் பாடியும் சேஸிஸும் ஒண்ணு. மோனோகாக்னு படிச்சிருப்போம். ஹெரால்டு அப்படி இல்ல. லாரி மாதிரி கீழே தனி சேஸிஸ், அதுமேல துண்டு துண்டா பாடி. எல்லாம் போல்ட்டு போட்டு முடுக்கினது. பானெட்டும் ரெண்டு மட்கார்டும் சேர்ந்து ஒரே துண்டா முன்பக்கம் கவிழும், பார்க்கவே கெத்தா இருக்கும்.

1959-ல், எல்லாரும் மோனோகாக் பக்கம் போயிட்டிருந்த நேரத்துல, ட்ரையம்ஃப்காரங்க ஏன் பழைய முறைக்குப் போனாங்க? டெக்னாலஜி காரணம் இல்ல, பிசினஸ் காரணம். அவங்களுக்கு பாடி செஞ்சு கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியை 1953-ல் போட்டிக் கம்பெனியான பிஎம்சி வாங்கிடுச்சு. முழு பாடியா பிரஸ் பண்ணித்தர ஆள் இல்லாமப் போச்சு. சரி, துண்டு துண்டா வெவ்வேறு இடத்துல செஞ்சு, சேஸிஸ் மேல வெச்சு முடுக்கிடலாம்னு முடிவு பண்ணாங்க. நம்ம நாட்டுக்கு அது வரமாப் போச்சு. பெரிய பிரஸ் வசதி இல்லாத ஊர்லயும் இந்த வண்டியைச் செய்ய முடிஞ்சது. நாலு கதவு ஹெரால்டுன்னு ஒண்ணு உலகத்துலயே இந்தியாவில மட்டும்தான் வந்தது.

ஆனா இதுல ஒரு ஆபத்தும் ஒளிஞ்சிருக்கு. மோனோகாக் கார்ல துரு பிடிச்சா பெரும்பாலும் கதவுக்குக் கீழ, வீல் ஆர்ச்சுலன்னு கண்ணுக்குத் தெரியற இடத்துல எட்டிப் பார்க்கும். ஹெரால்டுல பாடியைப் புதுசாக்கி, பட்டி பார்த்து, பெயின்ட் அடிச்சு, சீட் தைச்சு மாப்பிள்ளை மாதிரி நிறுத்திடலாம். கீழே இருக்கிற எலும்பு அரிச்சுப்போயிருந்தாலும் வெளியில இருந்து ஒண்ணுமே தெரியாது.

அந்த எலும்பு எப்படி இருக்கும்? வண்டியோட நடுவுல நீளவாக்குல ரெண்டு பெட்டி ரயில். தகரத்தை மடிச்சு வெல்டு வெச்ச நீளமான பெட்டின்னு வெச்சுக்கங்க. அதிலிருந்து ரெண்டு பக்கமும் கிளை மாதிரி கைகள் நீளும். அவுட்ரிகர்னு பேரு. அந்தக் கைகள்தான் பாடியைத் தாங்கும். பின்னாடி டிஃபரன்ஷியல் இந்த ரயில்களோட போல்ட்டு ஆகியிருக்கும். பின்பக்கத்துப் பட்டை, அதாவது லீஃப் ஸ்பிரிங், குறுக்குவாட்டுல அந்த டிஃபரன்ஷியல் தலைமேலேயே உட்கார்ந்திருக்கும். கொஞ்சம் யோசிங்க. பின் சக்கரம் ரெண்டும் பட்டையில தொங்குது, பட்டை டிஃபரன்ஷியல்ல, டிஃபரன்ஷியல் அந்த ரெண்டு தகரப் பெட்டியில! டிஃபரன்ஷியலை ஒட்டி ரயில் வளைஞ்சு போற இடம்தான் ஹெரால்டுல துருவோட ஃபேவரிட் ஸ்பாட்டும். டிக்கிக்குக் கீழ இருக்கிற பின் அவுட்ரிகர் அடுத்த ஸ்பாட். (கடைசியா 1970-களில் வந்த ஸ்டாண்டர்டு கெஸல்ல பின் ஆக்ஸில் ஏற்பாட்டையே மாத்திட்டாங்க. அதனால அதை வேற கண்ணோட பார்க்கணும்.)

ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரி பழிவாங்குது!

"எதுக்குடா மெக்கானிக்கல்காரனுக்கு கெமிஸ்ட்ரி?"ன்னு முதல் வருஷம் நாம எல்லாரும் புலம்பியிருக்கோம். பதில் இதோ.

பெட்டி ரயிலுக்குள்ள தண்ணி வடிய சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். வருஷக்கணக்கா சேறு அப்பி அதெல்லாம் அடைஞ்சுபோகும். மழையில உள்ளே போன தண்ணி வெளியே வர வழியில்ல. உள்பக்கம் பெயின்ட்டும் கிடையாது. மேல காத்துப் படற இடத்தைவிட, சேத்துக்கு அடியில ஆக்சிஜன் குறைவு. நாம என்ன நினைப்போம்? ஆக்சிஜன் இல்லாத இடம் பத்திரம்னுதானே? தப்பு! ஆக்சிஜன் அதிகமா இருக்கிற இடம் கேத்தோடு ஆகிடும், குறைவா இருக்கிற இடம் ஆனோடு ஆகிடும். கரையறது ஆனோடுதான். டிஃபரன்ஷியல் ஏரேஷன்னு யூனிட் டெஸ்ட்டுக்கு ரெண்டு மார்க்குல எழுதிட்டு மறந்தோமே, அதேதான். சேறு அப்பின மூலையில, கண்ணுக்குத் தெரியாம, உள்ளேயிருந்து வெளியே அரிச்சுக்கிட்டு வரும். வெளிப்பக்கம் பெயின்ட்டுல ஒரு கொப்புளம் தெரியுதுன்னா, உள்ளே கதை முக்கால்வாசி முடிஞ்சிருக்கும்.

ரெண்டு தகரம் ஒண்ணுமேல ஒண்ணு வெச்சு வெல்டு அடிச்ச மடிப்பு இருக்கே, அது இன்னும் மோசம். துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைச்சுக்கும். மடிப்புக்குள்ள துரு பிடிச்சா அது வீங்கி ரெண்டு தகரத்தையும் பிளக்கும். பிளந்த இடத்துல இன்னும் தண்ணி போகும். வெளியிலேர்ந்து பார்த்தா வெல்டு லைன் அலை அலையா உப்பியிருக்கும். அதைப் பார்த்தாலே உஷாராகிடணும்.

இனி எங்க ஊர் கதை. தர்மபுரியில கடல் கிடையாது. மழையும் அவ்வளவா கிடையாது. அதனால பழைய கார் விக்கிறவங்க எல்லாரும் ஒரே டயலாக் அடிப்பாங்க: "உள்ளூர் வண்டிப்பா, கடல் காத்தே பட்டதில்ல!" கடற்கரையில துரு வேகமாப் பிடிக்கும்கிறது சத்தியமான உண்மை. காரைக்குடியில இருக்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், எந்தப் பகுதியில இரும்பு எவ்வளவு வேகமா அரிக்கும்னு இந்தியாவுக்கே வரைபடம் போட்டிருக்காங்க. மண்டபத்துல கடலோரமா வெச்சு சோதனையும் பண்றாங்க. அந்தக் கணக்குல பார்த்தா எங்க மாவட்டம் தேவலாம்தான்.

ஆனா வண்டி எங்க மாவட்டத்துலயே பொறந்து வளர்ந்துச்சான்னு கேட்டீங்களா? சேலத்துக்கும் பெங்களூருக்கும் நடுவுல இருக்கிற ஊர் இது. மெட்ராஸ்ல இருபது வருஷம் கடல் காத்து வாங்கிட்டு, அப்புறம் இங்க வந்து தோட்டத்து வீட்டுல செட்டில் ஆன வண்டியாக்கூட இருக்கலாம். அடுத்து, போர் தண்ணி. ஃப்ளோரைடு பிரச்னைக்காகவே 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்த மாவட்டம் இது. காவிரித் தண்ணியைக் குடிக்கத்தான் வெச்சுக்குவோம், காருக்கு ஊத்துவோமா? உப்புத் தண்ணியிலதான் வண்டி குளிக்கும். மூணாவது, நான் நேர்ல பார்த்தது: டிக்கியில யூரியா மூட்டை, டிஏபி மூட்டை! விவசாயி வீட்டு கார்னா உரம் ஏறாம இருக்குமா? உரம் காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும், கூடவே உப்பும். மூட்டை ஓட்டையில சிந்தினது டிக்கித் தரையில தங்கி, கீழே இருக்கிற அவுட்ரிகர் மேல இறங்கும். கடல் இல்லாத ஊர்ல நாமளே கடலைக் கொண்டுவந்த மாதிரிதான்.

டங்... டங்... டொக்!

என் கிளாஸ்மேட் ஒருத்தனுக்கு பாலக்கோடு பக்கம் ஒரு ஹெரால்டு விலைக்கு வந்தது. க்ரீமும் சிவப்பும் கலந்த கலர். போட்டோவைப் பார்த்ததுமே பையன் பாதி வாங்கிட்டான். நான்தான் பிடிவாதமா ஒரு பெரியவரையும் கூட்டிக்கிட்டுப் போகலாம்னு சொன்னேன். முப்பது வருஷத்துக்கு மேல தர்மபுரியில டிங்கரிங் பட்டறை நடத்தினவர், இப்ப ரிட்டயர்டு. "பேரெல்லாம் போடாத கண்ணு"ன்னுட்டார். அதனால இங்கேயும் அவர் மாமாதான்.

மாமா கொண்டுவந்த ஆயுதங்களைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துச்சு. ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவர், முனை மழுங்கினது. கையடக்கச் சுத்தி ஒண்ணு. துணி சுத்தின ஸ்பீக்கர் காந்தம். ஷேவிங் கண்ணாடி. டார்ச். ஒரு பழைய பாய். அவ்வளவுதான். நான் என் பங்குக்கு போன்ல மாட்டற குட்டி கேமரா ஒயர் ஒண்ணு எடுத்துட்டுப் போயிருந்தேன். சில நூறு ரூபாய்க்கு ஆன்லைன்ல கிடைக்கும். பெட்டி ரயில்ல இருக்கிற ஓட்டை வழியா உள்ளே விட்டா, எண்டோஸ்கோபி மாதிரி தெரியும்.

வண்டிக்காரர் வயசானவர், ரொம்ப மரியாதையானவர். காபியெல்லாம் கொடுத்தார். மாமா காபியை முடிச்சுட்டு நேரா அடியில போவார்னு பார்த்தா, முதல்ல பத்தடி தள்ளி நின்னு வண்டியைச் சும்மா பார்த்துக்கிட்டே இருந்தார்.

"என்னங்க மாமா பாக்கறீங்க?"

"கதவு சந்து பாரு கண்ணு. மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு?"

கதவுக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி மேலேயும் கீழேயும் ஒரே அளவா இருக்கணும். ஒரு பக்கம் விரல் போகுது, இன்னொரு பக்கம் பிளேடுகூட போகலைன்னா, கீழே எங்கேயோ சேஸிஸ் தொய்ஞ்சிருக்குன்னு சந்தேகப்படலாம். அப்புறம் ஜாக்கியை வெச்சு ஒரு பக்கம் தூக்கச் சொன்னார். தூக்கின நிலையில கதவைத் திறந்து மூடணும். தரையில நல்லா மூடின கதவு, தூக்கினதும் இழுத்துப் பிடிச்சா, எலும்பு வளையுதுன்னு அர்த்தம். எங்க வண்டியில லேசா பிடிச்சது. கிளாஸ்மேட், "கீல் பிரச்னையா இருக்கும்"னான். காதல் வந்தா கண்ணு தெரியாதில்ல!

இங்க ஒரு விஷயத்தைக் கட் அண்ட் ரைட்டா சொல்லிடறேன். வெறும் ஜாக்கியில நிக்கிற வண்டிக்கு அடியில தலையைக் கொடுக்காதீங்க. ஸ்டாண்டு இல்லாட்டி கனமான மரக்கட்டை அடுக்கியாவது வைங்க, வீலுக்குக் கல்லு போடுங்க. செங்கல், ஹாலோ பிளாக் எல்லாம் வேலைக்கு ஆகாது, டக்குனு நொறுங்கிடும். துரு பிடிச்சிருக்கான்னு பார்க்கப் போற வண்டியில, ஜாக்கி வைக்கிற இடமே துருவா இருக்கலாம். அது ஞாபகம் இருக்கட்டும். பக்கத்துல வாட்டர் சர்வீஸ் ராம்ப் இருந்தா அங்கேயே கொண்டுபோய் ஏத்திடறது உத்தமம்.

மாமா பாயை விரிச்சுப் படுத்தார். கீழே எல்லாம் கன்னங்கரேல்னு பளபளப்பா இருந்தது. புதுசா அண்டர்கோட்டிங் அடிச்சிருந்தாங்க. நான் "சூப்பரா மெயின்டெயின் பண்ணியிருக்காங்க மாமா"ன்னேன். அவர் பதிலே சொல்லல. ஒரு நிமிஷம் கழிச்சு, "விக்கறதுக்கு முந்தின மாசம் எதுக்கு கண்ணு தார் அடிக்கணும்?"னு மட்டும் கேட்டார்.

அப்புறம் ஓனர்கிட்ட, "ஒரு தட்டு தட்டிப் பாக்கட்டுங்களா?"ன்னு பர்மிஷன் வாங்கினார். இது முக்கியம் ஃப்ரெண்ட்ஸ். அடுத்தவங்க வண்டியில அனுமதி இல்லாம ஸ்க்ரூ டிரைவரால குத்தறது நாகரிகம் இல்ல. சம்மதிக்கலைன்னா, அதுவும் உங்களுக்கு ஒரு பதில்தான்!

சுத்தியால முன்பக்கத்துலேர்ந்து ஒரு அடிக்கு ஒரு தட்டு. டங்... டங்... டங்... மணி மாதிரி சத்தம். நல்ல தகரம் அதிரும், அந்தச் சத்தம்தான் அது. டிஃபரன்ஷியல் பக்கம் வந்ததும், டங்... டொக். மறுபடி தட்டினார். டொக். அடுத்த அரை அடிக்கு டொக்தான். காந்தத்தை வெச்சார், ஒட்டல. மத்த இடத்துலயெல்லாம் தார் பூச்சுக்கு மேலேயே 'பச்சக்'னு ஒட்டின காந்தம் இங்க வழுக்கி விழுந்துச்சு. இரும்பு இருக்கவேண்டிய இடத்துல இரும்பு இல்ல! மழுங்கின ஸ்க்ரூ டிரைவரை வெச்சு லேசா அழுத்தினார். தார் பிளந்துச்சு, உள்ளேயிருந்து பட்டியும் ஃபைபர் துணியும் பிஸ்கட் மாதிரி உதிர்ந்துச்சு. அதுக்குப் பின்னாடி டார்ச் அடிச்சா, ரயிலோட கீழ்ப்பக்கம் கிட்டத்தட்ட ஒரு சாண் நீளத்துக்கு அடித்தகரமே இல்ல.

எதிர்ப் பக்கத்துல என் கேமராவை விட்டோம். அந்த ரயில் உள்ளே பழுப்பா இருந்தது, ஆனா முழுசா இருந்தது. மேலாப்புல படிஞ்ச பழுப்புத் துருவுக்கு யாரும் பயப்பட வேண்டாம், அறுபது வயசு வண்டியில அது இல்லாம இருந்தாத்தான் ஆச்சரியம். அடுக்கடுக்கா உரியற துருதான் வில்லன்.

நாங்க எதிர்பார்க்காதது அதுக்கப்புறம் நடந்தது. ஓனர் குனிஞ்சு அந்த ஓட்டையைப் பார்த்தார். அவருக்கே தெரியல! நாலு வருஷத்துக்கு முன்னாடி அவரும் அதே பளபளப்பைப் பார்த்துத்தான் வாங்கியிருக்கார். அண்டர்கோட்டிங் மட்டும் இப்ப அடிச்சது, அதுவும் பட்டறையில சொன்னாங்கன்னு. ரொம்ப நேரம் பேசாம நின்னுட்டு, "போன ஞாயித்துக்கிழமைதான் பேத்திய வெச்சுக்கிட்டு ஒகேனக்கல் போயிட்டு வந்தேன் தம்பி"ன்னார். பென்னாகரத்தைத் தாண்டி ஒகேனக்கல் இறங்கற வளைவு ரோடு தெரிஞ்சவங்களுக்கு வயித்தைக் கலக்கும். மாமா மெதுவா, "இனி எடுக்காதீங்க சாமி"ன்னார். வண்டி அன்னிக்கே ஷெட்டுக்குள்ள போச்சு. கிளாஸ்மேட் வாங்கல.

ஒரு கீறல், ஆயிரம் மடங்கு

ஒரு சாண் ஓட்டைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமான்னு உங்களுக்குத் தோணலாம். வீட்டுல ஒரு சின்ன சோதனை பண்ணிப் பாருங்க. அலுமினிய ஃபாயில் சுத்தி வர்ற அட்டைக் குழாய் ஒண்ணு எடுத்து ரெண்டு கையாலயும் முறுக்குங்க. முறுங்காது, கெத்தா நிக்கும். இப்ப கத்தரியால நீளவாக்குல, இந்த முனையிலேர்ந்து அந்த முனை வரைக்கும் ஒரே ஒரு கோடு வெட்டிட்டு மறுபடி முறுக்குங்க. துணி மாதிரி முறுங்கும்! அட்டையில ஒரு கிராம்கூட நாம எடுக்கல, மூடின குழாயைத் திறந்த குழாய் ஆக்கினோம், அவ்வளவுதான்.

ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்ல இதுக்குக் கணக்கே இருக்கு. மெல்லிய வட்டக் குழாயோட ஆரத்தைத் தடிமனால வகுத்து, வர்ற விடையை வர்க்கம் பண்ணி, மூணால பெருக்குங்க. முறுக்கைத் தாங்கற விறைப்பு அத்தனை மடங்கு குறையும். 40 மில்லிமீட்டர் ஆரம், 2 மில்லிமீட்டர் தடிமன் உள்ள குழாய்னா 1,200 மடங்கு! கார் சேஸிஸ் வட்டக் குழாய் இல்ல, துருவும் முழு நீளத்துக்குப் பிளக்கறதில்ல. அதனால இந்த நம்பரை அப்படியே ஹெரால்டு மேல ஒட்டிடாதீங்க. ஆனா பெட்டி மூடியிருக்கிற வரைக்கும்தான் அது பெட்டிங்கிறது புரிஞ்சா போதும். தொப்பூர் கணவாய் மாதிரி இறக்கத்துல, பிரேக் அழுத்திக்கிட்டே வளைவு திரும்பறப்போ, சேஸிஸுக்கு வளைவு, முறுக்கு ரெண்டும் ஒரே நேரத்துல வரும். அந்த ரோட்டுல நல்ல வண்டிகளே படற பாடு எங்க மாவட்டத்துக்காரங்களுக்குத் தெரியும்.

சேஸிஸ் கோணியிருக்கான்னு பார்க்க ஒரு சிம்பிள் வழியும் மாமாகிட்ட இருந்தது, கொத்தனார் தூக்குக்குண்டு! சமதளமான சிமென்ட் தரையில வண்டியை நிறுத்தி, முன் சஸ்பென்ஷன் போல்ட் ரெண்டு, பின்பக்கம் அதே மாதிரி ரெண்டுன்னு நாலு இடத்துலேர்ந்து குண்டைத் தொங்கவிட்டு சாக்பீஸால புள்ளி வைக்கணும். வண்டியை நகர்த்திட்டு மூலைக்கு மூலை டேப் பிடிச்சா ரெண்டு அளவும் சமமா வரணும். வரலைன்னா சேஸிஸ் எப்பவோ அடி வாங்கியிருக்கு. அப்படியே முன் வீல் சென்டர்லேர்ந்து பின் வீல் சென்டர் வரைக்கும் ரெண்டு பக்கமும் அளந்துடுங்க. ஹெரால்டுக்கு 232 சென்டிமீட்டர் சொச்சம். இடது வலது வித்தியாசப்பட்டா கேள்வி கேளுங்க.

ஃபைபர் பாடியா? அப்ப டபுள் உஷார்!

அதிர்ஷ்டசாலிங்க யாராவது ஸ்பிட்ஃபயரே வாங்கப்போறீங்கன்னா ஒரு வித்தியாசம் தெரிஞ்சுக்கங்க. ஹெரால்டுல கதவுக்குக் கீழ இருக்கிற சில் பேனல் வெறும் அலங்காரம்தான், அது துரு பிடிச்சா கழட்டி மாத்திடலாம். ஸ்பிட்ஃபயர்ல பக்கவாட்டு ரயிலையே எடுத்துட்டாங்க, அந்த வேலையை சில்தான் செய்யுது. பின் சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற ரேடியஸ் ஆர்மும் பாடியிலதான் மாட்டியிருக்கும். அதனால அங்க சில் போனா வண்டியே போச்சு. புது சில்லை பழைய சில் மேலேயே ஒட்டி வெல்டு அடிச்சு விக்கிற தில்லாலங்கடிகளும் உண்டு.

"ஃபைபர் பாடி வண்டி வாங்கிட்டா துருவே வராதே?"ன்னு கேட்கிற புத்திசாலிகளே... பாடிக்கு வராது, சேஸிஸுக்கு? பெங்களூர்ல 1980-களில் வந்த சிபானி டால்ஃபின், 1990-களின் கடைசியில வந்த சான் ஸ்டார்ம் ஸ்போர்ட்ஸ் கார், ரெண்டுமே ஃபைபர் பாடி. ரெண்டுக்கும் கீழே இரும்புதான். மேல துருவே தெரியாதுங்கறதால ஏமாறறது இன்னும் ஈஸி. இதுல எனக்குப் பிடிச்ச உதாரணம் இங்கிலாந்து லோட்டஸ் எலான். 1962-ல் வந்த ஃபைபர் பாடி ஸ்போர்ட்ஸ் கார், முதுகெலும்பு மாதிரி நடுவுல ஒரே சேஸிஸ். ஹெட்லைட் மேலெழும்பி வர்றதுக்கு வேக்குவம் வேணும். தனியா டேங்க் எதுக்குன்னு, சேஸிஸோட முன்பக்கக் குறுக்குப் பெட்டியையே வேக்குவம் டேங்க்கா வெச்சுட்டார் காலின் சாப்மன்! அதனால ஹெட்லைட் சொன்ன பேச்சு கேட்கலைன்னா, ரப்பர் ட்யூபை மட்டும் பார்த்துட்டு விட்டுடக்கூடாது. சேஸிஸ்ல துரு ஓட்டை விழுந்து காத்து கசியலாம். வண்டியே கண்ணைச் சிமிட்டிக் காட்டிக்கொடுக்குது பாருங்க!

வெல்டு வெச்சா சரியாகிடுமா?

ஆகும், எங்கே வைக்கிறீங்கங்கறதைப் பொறுத்து. அவுட்ரிகர் போயிருந்தா கவலைப்படாதீங்க. நல்ல டிங்கர் புதுத் தகரத்தை மடிச்சு அதே மாதிரி செஞ்சு கொடுத்துடுவார். விலையில அதைக் கழிச்சுப் பேசுங்க. நடு ரயில், அதுவும் டிஃபரன்ஷியல் பக்கம் போயிருந்தா கதை வேற. துரு மேலேயே ஒரு தகரத்தை வெச்சு ஒட்டற பேட்ச் வேலை அங்க செல்லாது. அரிச்ச தகரத்தில வெல்டு பிடிக்காது, பக்கத்து மெல்லிசான இடம் சீக்கிரமே கிழியும். நல்ல இரும்பு வர்ற வரைக்கும் வெட்டி எடுத்துட்டுத்தான் புதுசு வைக்கணும். பாடியைக் கழட்டி, சேஸிஸை அளவு மாறாம இறுக்கிப் பிடிச்சு, கொஞ்சம் கொஞ்சமா வெல்டு வைக்கணும். இல்லாட்டி சூட்டுல இழுத்துக்கும். வெல்டுக்கு முன்னாடி டிக்கியில இருக்கிற பெட்ரோல் டேங்க்கைக் கழட்டி வண்டியை விட்டுத் தூரமா வெச்சாகணும், இதுல மட்டும் காம்ப்ரமைஸ் கிடையாது. பாடி தனியா வர்ற வண்டிங்கறதால ஹாஸ்டல் பசங்க நாலு பேர் இருந்தா தூக்கற வேலை ஈஸி. ஆனா இதுக்கு ஆகற செலவு, சில நேரம் வண்டி விலையைவிட எகிறிடும். பையில காசு இருக்கிற ஆளுக்கு அது ரெஸ்டொரேஷன், நம்மள மாதிரி அரியர் ஃபீஸுக்கே அல்லாடற கோஷ்டிக்கு அது அஞ்சு வருஷக் கடன்.

வாங்கின பிறகு செய்யவேண்டியது சிம்பிள். ரயில்ல அடைஞ்ச ஓட்டைகளைக் கம்பி விட்டுத் திறங்க, உள்ளே நல்லாக் காயவிட்டு, கேவிட்டி வேக்ஸ் ஸ்ப்ரே பண்ணுங்க. காயறதுக்கு முன்னாடி தார் அடிச்சீங்கன்னா ஈரத்துக்கு நீங்களே ரூம் போட்டுக் கொடுத்த மாதிரி.

கடைசியா ஆர்.டி.ஓ. சமாசாரம். 50 வயசு தாண்டின சொந்த உபயோக வண்டிகளை வின்டேஜ் வண்டியா பதிவு பண்ண 2021-ல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்துச்சு. நம்பர்ல 'விஏ' எழுத்து வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் ஃபீஸ், பத்து வருஷம் செல்லும். ஹெரால்டுகளுக்கு அந்த வயசு எப்பவோ ஆகிடுச்சு. ஆனா அந்த விதியில ஒரு கண்டிஷன் இருக்கு. வண்டி ஒரிஜினலா இருக்கணும், சேஸிஸையோ பாடியையோ இன்ஜினையோ மாத்திப் பெரிய அளவுல வேலை பார்த்திருக்கக் கூடாது. அதனால "சேஸிஸ் போனா என்ன, வேற வண்டியோடதைத் தூக்கி வெச்சுக்கலாம்"னு யாராவது ஐடியா கொடுத்தா, முதல்ல ஆர்.சி. புக்கை எடுத்து அதுல இருக்கிற சேஸிஸ் நம்பரை வண்டியோட ஒத்துப் பாருங்க. பேர் மாத்தறப்போ ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எடுப்பாங்களே, நம்பர் மேல பேப்பரை வெச்சு பென்சிலால தேய்ச்சு, அந்த அச்சை வண்டி பார்க்கப் போற அன்னிக்கே நீங்களும் ஒண்ணு எடுத்துடுங்க. நம்பர் முழுசா விழணும். நடுவுல ரெண்டு எழுத்து துருவுல கரைஞ்சுபோய் வெறும் கறுப்புத் தீற்றலா வந்துச்சுன்னா, அட்வான்ஸ் பணத்தை பாக்கெட்லேயே வெச்சுக்கிட்டு பஸ் ஏறுங்க.